வைபி தங்கச்சியின் கடைவீடு

வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு, ஜோர்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்து மாடியில், நவமணி பொய் சத்தியம் செய்வதற்காக உட்கார்ந்திருந்தாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பிரயோசனமில்லை. பொய் என்று அவளுக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் சிவநேசனுக்கும் தெரியும். எதிரே இருந்த வழக்கறிஞர் கிளிஃபர்டுக்குத் தெரியாது என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார்.

நவமணி அப்படிப் பொய் சொல்கிற பெண்ணில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். ஆள் குறைத்தபோது, போம்மா என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், மகள் துளசியோடு வாடகைக்கு இருக்கிறாள். அதுவும் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான். வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் சாமான்களை எப்போது எடுப்பீர்கள் என்று இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

அரசாங்கம் மலிவு விலையில் கொடுக்கிற லோ காஸ்ட் வீட்டுக்கு அவள் மனுப் போட்டு ஒன்பது வருஷமாகிறது. போன மாதம் ஒருவழியாகக் கடிதம் வந்தது. வீடு கிடைத்துவிட்டது என்று பஸ்ஸில் உட்கார்ந்து ஆசை ஆசையாகப் பிரித்தாள். மனு நிராகரிக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். காரணம், அவள் பெயரில் டவுனில், கீழே கடையும் மேலே வீடுமாக, இரண்டு மாடிக் கடைவீடு ஒன்று இருக்கிறதாம். நவமணிக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரோ ஒரு நவமணி என்று நினைத்துக்கொண்டு மறுநாளே வீடமைப்பு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். கவுண்டரில் இருந்த ரோஹானா என்ற பெண் பொறுமையாகக் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெயரும் அவளுடையது, அடையாள அட்டை எண்ணும் அவளுடையது.

அப்போதுதான் அவளுக்கு ஆறு வருஷத்துக்கு முந்தைய தைப்பூசம் ஞாபகம் வந்தது. தண்ணீர்மலை அடிவாரத்தில் அண்ணன் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் அவள் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கத்தைக் காகிதத்தோடு வந்து, ஓர் அண்டா மூடியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து, துளசி படிப்புக்கு ஒரு டிரஸ்ட் போடுகிறேன், கையெழுத்துப் போடு என்றார். எல்லாம் மலாய் மொழியில் பொடிப்பொடியாக அச்சடித்திருந்தது. அண்ணன் கேட்கிறார், படித்துப் பார்க்கவா முடியும்? புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏழு இடத்தில் போட்டாள். எந்த வழக்கறிஞர் சாட்சி, எவர் முத்திரை என்றெல்லாம் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சிவநேசன் இரண்டு தவணையாகச் சட்டமன்ற உறுப்பினர். நம் ஊரில் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போய்விட்டால் அன்றிலிருந்து அவருக்குப் பெயர் கிடையாது, மாண்புமிகு என்பதன் மலாய்ச் சுருக்கமான வைபிதான். பெற்ற பிள்ளைகூட வைபி என்றுதான் போனில் பதிந்து வைத்திருக்கும். வைபி ஆவதற்கு முன் சிவநேசன் ஓட்டை மோட்டார் சைக்கிளில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். வைபியின் சம்பளம் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். அந்தச் சம்பளம் எப்படிக் கடைவீடு ஆனது என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பரம்பரைச் சொத்து என்றும் சொல்ல முடியாது, அவர் அப்பா நகராண்மைக் கழகத்துக் குப்பை லாரியில் தொங்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கட்சியின் சொத்து விவரப் படிவம் கெட்டிக்காரப் படிவம். மனைவி பெயரில் என்ன, பிள்ளைகள் பெயரில் என்ன என்று துருவித் துருவிக் கேட்டிருந்தது. தங்கச்சிக்கு என்று ஒரு கட்டம் மட்டும் இல்லை. வைபி அந்த இடைவெளியில்தான் ஒரு கடைவீட்டையே நுழைத்திருந்தார்.

நவமணி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இதை அண்ணனிடம் கேட்கப் போவதற்குள் வேறு யாரோ கேட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு முகநூல் பக்கத்தில் அந்தக் கடைவீட்டின் படமும், பத்திரத்தில் இருந்த பெயரும் வெளிவந்தன. ஃபேக்டரியில் வேலை பார்த்த தங்கச்சிக்கு டவுனில் கடைவீடு வாங்கப் பணம் ஏது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை வேட்புமனுத் தாக்கல். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒழுங்கான விளக்கம் வராவிட்டால் தொகுதி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கட்சித் தலைமையகம் சொல்லிவிட்டது.

புதன்கிழமை இரவு வைபி நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மூன்று மாடியும் ஏறி வந்தார். நவமணி கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அழுதார். அண்ணன் அழுது அவள் அதுவரை பார்த்ததில்லை, மனசு இளகிவிட்டது. இரண்டு கையெழுத்து மட்டும் போடு என்றார். ஒன்று, கடைவீடு உன் பணத்தில் வாங்கியது என்று சத்தியப் பிரமாணம். இன்னொன்று, பெயர் மாற்றப் படிவம். அதில் போட்டுவிட்டால் உன் பெயர் அந்தக் கடையிலிருந்து போய்விடும், அடுத்த வாரமே நானே பேசி உனக்கு வீடு வாங்கித் தருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வீடு என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நவமணி சரி என்றாள்.

சத்தியப் பிரமாண ஆணையர் ஷாருல் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். தாளை மலாய் மொழியில் வரி வரியாக வாசித்தார். என் கணவர் முனுசாமி சாலை விபத்தில் இறந்ததற்குக் கிடைத்த நஷ்ட ஈட்டிலும், அவருடைய சேமநிதியிலும் இந்தச் சொத்தை வாங்கினேன் என்று அதில் இருந்தது. நவமணி நிமிர்ந்து பார்த்தாள். முனுசாமியை இதில் இழுப்பார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

முனுசாமி லாரி ஓட்டியவன். நன்றாகக் குடித்தவன். கடைசி மூன்று வருஷம் வீட்டுப் பக்கமே வராமல் ஈப்போவில் எங்கேயோ கிடந்தவன். அவன் வைத்துவிட்டுப் போனது வாசலுக்கு வந்து கத்திய இரண்டு கடன்காரர்களை மட்டும்தான். கிடைத்த நஷ்ட ஈடு அவர்களுக்கும் துளசியின் பள்ளிச் செலவுக்கும் சரியாகப் போயிற்று. அப்பா சாவுக்குத் துளசி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்படிப்பட்டவன் இப்போது தாளில் குடும்பத்துக்குச் சொத்துச் சேர்த்த உத்தமனாக உட்கார்ந்திருந்தான்.

விஷயம் புரிந்ததா, சொந்த விருப்பத்தில்தானே செய்கிறாய் என்று ஷாருல் கேட்டார். அண்ணன் நவமணியை முழங்கையால் லேசாக இடித்தார். "யா" என்று மலாயில் ஆமாம் சொன்னாள். பேனாவை வாங்கிப் போட்டாள். ஷாருல் முத்திரை குத்தினார், கட்டணத்தை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். வைபியின் உதவியாளர் சுகுமாரன் அதற்காகவே காத்திருந்த மாதிரி தாளைப் படம் பிடித்துத் தலைமையகத்துக்கு அனுப்பினான். அடுத்த நிமிஷமே கிடைத்தது என்று பதில் வந்தது.

கிளிஃபர்ட் இரண்டாவது தாளைத் தள்ளினார். பெயர் மாற்றப் படிவம். தேதி போடும் இடம் காலி. வாங்குகிறவர் பெயரும் காலி. நவமணி பேனாவை எடுத்தாள். அப்போதுதான் வைபி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்திரண்டு.

"வேணாம், வையி. ராகு காலம் பொறந்துருச்சு. பன்னெண்டு தாண்டட்டும்."

ஒரு வினாடி வேலைதானே வைபி என்று கிளிஃபர்ட் சிரித்தார். வைபி சிரிக்கவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன் அவர் முதல் தடவை நின்றபோது முந்நூறு ஓட்டில் தோற்றது சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, நல்ல ராகு காலத்தில் வேட்புமனுக் கொடுத்ததால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறவர். நாளைக்கும் அதே நேரம்தான், தேர்தல் ஆணையத்தில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, அதைத் தவிர்க்க அவருக்கு வழியில்லை. தவிர்க்க முடிந்த ராகு காலத்தையாவது தவிர்ப்போம் என்று பிடிவாதமாக இருந்தார். சொத்து திரும்பி வருகிற கையெழுத்து, கெட்ட நேரத்தில் வாங்கினால் நிலைக்காது என்றார். எல்லோரும் பன்னிரண்டு மணிக்காக உட்கார்ந்தார்கள்.

சுகுமாரன் கீழே போய் எல்லோருக்கும் கோப்பி வாங்கி வந்தான். வைபி அடுத்த அறையில் போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். நவமணி சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கிளிஃபர்டிடம் கேட்டாள். இந்தப் படிவத்தில் போட்டுவிட்டால் அடுத்த வாரம் லோ காஸ்ட் வீட்டுக்கு மறுபடி மனுப் போடலாம்தானே?

கிளிஃபர்ட் ஒரு கோப்பைத் திறந்தார், மூடினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"கஷ்டம் லா அக்கா. இத்தனை வருஷமா எனக்குச் சொந்தமா கடை இருந்துச்சுன்னு இப்பத்தான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கீங்க. ஃபைல்ல ஏறிரும். அந்த ஃபைலப் பார்த்துட்டு உங்களுக்கு எவன் வீடு கொடுப்பான்?"

இன்னொன்றும் சொன்னார். தேதி போடாத படிவத்தை யாரும் நாளைக்கே கொண்டுபோய்ப் பதிய மாட்டார்கள். தேர்தல் முடிந்து, சத்தம் அடங்கி, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துத்தான் பதிவார்கள். அதுவரைக்கும் கடை அவள் பெயரில்தான் இருக்கும்.

இரண்டு தாளில் ஒன்று நவமணியைச் சொத்துக்காரி ஆக்கி வீட்டை இல்லாமல் செய்துவிட்டது, இன்னொன்று கையில் இருக்கிற சொத்தையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறது. மாதக் கடைசியில் துளசியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அவள் எழுந்து அடுத்த அறை வாசலில் போய் நின்றாள். இது உங்களுக்குத் தெரியுமா அண்ணே என்று கேட்டாள். வைபி போனைக் கையால் பொத்திக்கொண்டு, எலெக்‌ஷன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அந்த அப்புறம் பார்க்கலாமை நவமணிக்கு நன்றாகத் தெரியும். திங்கள்கிழமைதோறும் வைபியின் சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். கூரை ஒழுகுகிறது என்று வந்தவருக்கும், மகனுக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை என்று வந்தவளுக்கும் அதே சொல்தான், அதே குரல்தான். அதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் யாருக்கும் எதுவும் நடந்ததில்லை. தன்னையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கூடப் பிறந்தவள் என்கிற ஈவு இரக்கம் கொஞ்சம்கூட இல்லையே என்று மனசு கொதித்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதினொன்றரைக்கு மாடிப்படியில் சத்தம் கேட்டது. கட்சி அவளுடைய சத்தியப் பிரமாணத்தைத் தன் முகநூல் பக்கத்தில் போட்டுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, வைபி எங்கே இருக்கிறார் என்று மோப்பம் பிடித்து நாலு நிருபர்கள் வந்துவிட்டார்கள். வைபி ஒரு நிமிஷம் பயந்தார், பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பேசியது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"அந்தக் கடைவீடு என் தங்கச்சியோடது. புருஷனைப் பறிகொடுத்த ஒரு ஏழைப் பொம்பளையோட சொத்து. எனக்கும் அதுக்கும் ஒரு சென் காசு சம்பந்தம் கெடையாது. அதுல கை வைக்கிற உரிமை யாருக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நவமணி கோப்பிக் குவளையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பேசப் பேச அவள் படபடப்பு அடங்கிக்கொண்டே வந்தது. கிளிஃபர்ட் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷத்தில் வைபி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு கண்டம் தாண்டிய சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. நிருபர்கள் போகவில்லை, தங்கச்சியோடு ஒரு படம் எடுக்க வேண்டுமாம், வெளியே நிற்கிறார்கள் என்றார். நேரமாகிறது, போடு என்று பேனாவின் மூடியைக் கழற்றி அவரே நீட்டினார்.

நவமணி வாங்கவில்லை.

"கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணே."

வைபிக்கு முதலில் புரியவில்லை. சிரித்தார். மணி, விளையாடாதே என்றார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று கிளிஃபர்டை முறைத்தார். நான் வீட்டுக்கு என்ன செய்வது என்று அவள் கேட்டாள். தருகிறேன் என்றார். எப்போது என்று கேட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருந்ததால் கத்தவும் முடியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

முனுசாமியின் பிணத்தை ஈப்போவிலிருந்து கொண்டுவந்தது யார், கொள்ளி வைக்கிற வரைக்கும் கூட நின்றது யார் என்று கேட்டார். நவமணி அதை மறுக்கவில்லை. நீங்கள்தான், சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன் என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. அப்போதெல்லாம் அவர் அண்ணனாக மட்டும் இருந்தார். அந்த அண்ணன் கேட்டிருந்தால் அவள் இந்நேரம் போட்டுக் கொடுத்திருப்பாள். எதிரே நிற்பவர் வைபி என்பதுதான் வித்தியாசம்.

"பொய் சத்தியம் பண்ணிருக்கே. நான் ஒரு வார்த்தை சொன்னா உள்ள போயிருவே, தெரியுமா?"

"தெரியும். வெளியதான் நிக்கிறாங்க. போய்ச் சொல்லுங்க வைபி."

அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சிவநேசன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். போய்ச் சொல்வதற்கு அவரிடம் என்ன இருக்கிறது? சொல்லித் தொகுதியை இழக்க வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு கடையை இழக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன் நாலு கேமராவுக்கு முன்னால் அழுதது அவர்தானே. சுகுமாரன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான்.

மேல்மாடியில் வாடகையில்லாமல் இருந்துகொள், எழுதித் தருகிறேன் என்று கடைசியாகப் பேரம் பேசிப் பார்த்தார். என் வீட்டில் நான் இருக்க எனக்கு எழுதித் தருவீர்களா என்று நவமணி கேட்டாள். பிறகு கிளிஃபர்ட் பக்கம் திரும்பி, கடையின் பட்டா இங்கேதானே இருக்கிறது, அதில் யார் பெயர் இருக்கிறது என்று விசாரித்தாள். உங்கள் பெயர்தான் அக்கா என்றார் அவர். அப்படியென்றால் கொடுங்கள் என்றாள். கிளிஃபர்ட் வைபியைப் பார்த்தார். வைபி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழக்கறிஞர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பழுப்பு உறையைக் கொண்டுவந்து நவமணியின் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவள் போட்ட இரண்டாவது கையெழுத்து அது.

யாரோ கதவைத் தட்டினார்கள். வைபியின் முகம் தானாகச் சிரிப்புக்கு வந்தது. அத்தனை வருஷப் பழக்கம். வெளியே போய்த் தங்கச்சியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றார். விரல்கள் தோள் எலும்பில் அழுந்தி வலித்தன. நவமணி உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். வலிக்கிறது என்று காட்டிக்கொள்ளவில்லை.

அவர்களை விட்டுவிட்டுத் தனியாகப் படி இறங்கித் தெருவுக்கு வந்தாள். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் துளசி பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். கிளினிக்கில் வேலை நேரத்தில் போனையே தொடாத பெண். இனிமேல் வீட்டுக்கு அலைய வேண்டாம் என்று அவளிடம் சொல்ல வேண்டும், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் நவமணி கூப்பிட்டாள்.

எடுத்ததும் துளசி பேசவில்லை. அழுகிற சத்தம்தான் கேட்டது.

"அம்மா, மாமா பேசினதப் பார்த்தேன், நீ போட்ட சத்தியத் தாளையும் படிச்சேன். அப்பாவாம்மா? அப்பாவா நமக்கு இத வெச்சிட்டுப் போனாரு? நான் அவரு மொகத்தக்கூடச் சரியாப் பார்க்கலியேம்மா. செத்தப்பகூட அழலியே."

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லை மகளிடம் சொன்னால், அப்புறம் இந்த உறை யாருடையது, அம்மா எதற்காகச் சத்தியம் செய்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவ்வளவையும் தெரிந்துகொண்டு துளசி அந்த வீட்டுக்கு வருவாளா? வர மாட்டாள். அவளை அப்படி வளர்த்தது நவமணிதான். பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"அம்மா, சொல்லும்மா. அப்பாதானா?"

"ஆமாம்மா," என்றாள் நவமணி. "அப்பாதான்."